மர்டோவின் வாரில் ஒரு புது ஓட்டை

ஸ்ட்ராத்கோரியில் மர்டோ கெடஸைப் பற்றி யாரைக் கேட்டாலும், பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஆள் என்பார்கள். ஊர் சொல்வதில் பாதிக்கு மேல் பொய்யாகத்தான் இருக்கும். இதுவும் அப்படித்தான்.

ஊர் அப்படிச் சொல்லக் காரணம் இல்லாமல் இல்லை. குளிர்காலத்தில் மலைச்சாலையில் பனி தள்ளும் லாரியை ஓட்டுவது அவன் வேலை. கோடையில் அதே சாலையின் குழிகளுக்குத் தார் ஊற்றுவான். ஒரு ஜனவரியில் லாரி சறுக்கி, முன்சக்கரம் ஒன்று ஏரிக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. இழுவை வண்டி வரும்வரை மர்டோ உள்ளேயே உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்று, ஃபிளாஸ்கில் இருந்த தேநீரையும் குடித்து முடித்தான். "இறங்கித் தப்பிச்சிருக்கலாமேடா?" என்று கேட்டதற்கு, "வெளிய குளிருச்சு" என்றான். மதுக்கடையில் இன்றைக்கும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல லாரி ஏரிக்குள் இறங்கிக்கொண்டே போகிறது.

அப்படிப்பட்டவன் ஊர்க் கிளினிக்கைக் கடக்கும்போது மட்டும் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்கு மாறிவிடுவான். கையைக் கம்பி கிழித்தால் கறுப்பு டேப், பல் வலித்தால் விஸ்கி, காய்ச்சல் வந்தால் இன்னும் கொஞ்சம் விஸ்கி. காரணம் அவன் அப்பா. இலையுதிர் காலம் வரை நன்றாக நடமாடிய மனிதர், ஒருநாள் இன்வர்னெஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றில் கட்டி என்றார்கள். புத்தாண்டுக்கு அவர் இல்லை. கட்டியால் செத்தார் என்று மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதால் செத்தார் என்று மர்டோ புரிந்துகொண்டான். அறுபதைத் தாண்டியும் அந்தப் புத்தி மாறவில்லை. பயத்துக்கு ஏது நியாயம்?

அவன் மனைவி இஷ்பெல், அந்தப் பக்கத்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கம்பளிப் பாவாடையான கில்ட் தைப்பவள். வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து இன்வர்னெஸ் கடைக்குத் தைத்துக் கொடுப்பாள். எட்டு கஜம் கம்பளி ஒரு ஆளின் இடுப்பில் ஏறுவதற்கு அவள் கையில் எத்தனை பாடுபட வேண்டும் என்பது அந்த வீட்டுக்குள் போனவர்களுக்குத்தான் தெரியும். பின்பக்கம் முழுக்கக் கொசுவம். ஒவ்வொரு கொசுவத்திலும் கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும். முன்பக்கம் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பாதி, இடுப்பில் தோல் வாரும் பக்கிளும். துணியில் ஒரு பளிச்சென்ற வரி இருந்தால் அது சரியாக நடுவயிற்றிலிருந்து இரண்டு முட்டிகளுக்கும் நடுவே இறங்க வேண்டும். ஒரு விரல் தள்ளிப் போனாலும் இஷ்பெல் மொத்தத்தையும் பிரித்துவிடுவாள்.

அவர்கள் காதலே கில்ட்டில் ஆரம்பித்ததுதான். அப்போது மர்டோவுக்கு இருபத்திரண்டு வயது. கோடை விளையாட்டு விழாவில் மரம் எறியும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். கந்தலைக் கட்டினாலும் அது கில்ட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திடலுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது விழாவின் சட்டம். அளவு கொடுக்க வந்தான். அப்போது அவள் தன் அத்தையிடம் தையல் வேலையில் இருந்தாள்.

"இது இடுப்பா, சர்ச் தூணா? டேப்பு பத்தலையே" என்றாள்.

அவன் சிவந்துபோய் நின்றான்.

"முட்டி போடு."

"எதுக்கு?"

"பொண்ணு கேக்கறதுக்கு இல்ல. நீளம் பாக்க. முட்டி போட்டா ஓரம் தரையைத் தொட்டும் தொடாம நிக்கணும்."

முட்டி போட்டவன் எழுந்திருக்க அவசரப்படவில்லை. "கேட்டா என்ன சொல்லுவே?" என்றான். அவள் வாயில் ஊசிகளைக் கடித்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஊசிகள்தான் அவனைக் காப்பாற்றின என்பாள் பிற்பாடு. அடர்பச்சையில் கருநீலக் கட்டம், நடுவே ஒற்றைச் சிவப்பு வரி. அந்தக் கில்ட்டைக் கட்டிக்கொண்டுதான் அவன் மரத்தை எறிந்தான், கல்யாணம் பண்ணிக்கொண்டான், அப்பாவைப் புதைத்தான்.

நல்ல கில்ட் ஒரு ஆயுளுக்கு வரும். உடம்புதான் சொன்ன பேச்சு கேட்காது. வருடாவருடம் மே மாதம் மர்டோ கில்ட்டைக் கொண்டுவந்து தையல் மேசைமேல் போடுவான். இஷ்பெல் பக்கிளைப் பிரித்துக் கொஞ்சம் தள்ளித் தைத்துக் கொடுப்பாள். "போன வருசம் எங்க இருந்துச்சு, இப்ப எங்க வந்துருச்சு பாரு. இன்னும் ரெண்டு வருசத்துல பக்கிள் பக்கத்து ஊருக்குப் போயிரும்" என்பாள். அவன் வயிற்றைத் தட்டிக் காட்டுவான். அது அவர்கள் வீட்டு வசந்த காலச் சடங்கு.

இந்த வருடம் மே வந்தது, ஜூன் வந்தது. கில்ட் அலமாரியை விட்டு வரவில்லை.

குளிர்காலத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. லாரியிலிருந்து குதித்து இறங்கியபோது காற்சட்டை கூடவே இறங்கியது. சிரித்துக்கொண்டே இழுத்துவிட்டுக்கொண்டான். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. காலைக் கஞ்சி பாதிக் கிண்ணத்திலேயே தொண்டையை அடைத்தது. இரவில் இஷ்பெல் வைத்த கொத்துக்கறியையும் உருளைக்கிழங்கையும் மேசைக்கடியில் நாய்க்குக் கொடுத்தான். அவன் இளைக்க இளைக்க நாய் பெருத்தது. அடிவயிற்றின் வலப்பக்கத்தில் எதுவோ ஒன்று வந்து குடியேறியிருந்தது. குனிந்தால் அது இடித்தது. படுத்தால் அதன்மேலேயே அவன் கை போய் உட்கார்ந்தது. வேண்டாம் என்று கையை எடுப்பான், கை திரும்பவும் அங்கேயே போகும்.

ஐம்பது தாண்டியவர்களுக்கெல்லாம் தபாலில் வரும் குடல் புற்றுநோய்ச் சோதனைக் குச்சி அவனுக்கும் வந்தது. மலத்தைத் தொட்டுத் திருப்பி அனுப்பினால் போதும், கிளினிக் பக்கமே போக வேண்டாம். உறையோடு அடுப்பில் போட்டுவிட்டான். நெருப்பைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் இல்ல, வயசு" என்று நாயிடம் சொன்னான்.

ஏப்ரலில் அக்கா மகனுக்குக் கல்யாணம். ஆண்கள் அத்தனை பேரும் கில்ட்டில் வர, மர்டோ மட்டும் கறுப்புக் காற்சட்டையில் வந்தான். முட்டி வீங்கியிருக்கிறது, குளிர் பட்டால் ஆகாது என்றான். பனியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மண்வெட்டி பிடிக்கிறவனுக்குக் குளிர் ஆகாதாம். இஷ்பெல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வாள் என்று பயந்திருந்தவனுக்கு, அவள் சொல்லாதது இன்னும் பெரிய பயமாக இருந்தது.

கல்யாணத்தில் தப்பிக்கலாம். ஜூலையில் வரும் விளையாட்டு விழாவில் தப்பிக்க முடியாது. மரம் எறிவதை விட்டு வருடங்கள் ஆகியிருந்தாலும், அந்தப் போட்டிக்கு நடுவர் மர்டோதான். எறிபவன் ஒரு முழு மரத்தைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு ஓடி, தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். தூரம் கணக்கில்லை, நேர்தான் கணக்கு. கடிகாரத்தின் பன்னிரண்டு மணி முள்ளைப் போல எறிந்தவனுக்கு நேரெதிரே மரம் விழுந்தால் முழு வெற்றி. நடுவர் பின்னாலேயே ஓடி அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எறிபவனுக்கு உள்ள சட்டம்தான் நடுவருக்கும்: கில்ட் இல்லாமல் திடல் இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் இஷ்பெல் கேக் செய்யும் பெண்களோடு ஊர் மண்டபத்துக்குப் போயிருந்தாள். மர்டோ கில்ட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்க் கதவைத் தாழிட்டான். கட்டிப் பார்த்தான். கடைசி ஓட்டையில் மாட்டியும் கில்ட் இடுப்பில் நிற்காமல் அப்படியே வழுக்கிக் காலடியில் விழுந்தது. தன் இடுப்பு எங்கே போனது என்று குனிந்து பார்த்தான். சர்ச் தூண் போன இடம் தெரியவில்லை. எட்டு கஜமும் தரையில் குவிந்து கிடக்க, சட்டையோடும் வெறும் காலோடும் நின்றான்.

குத்தூசியை எடுத்தான். மூன்று வார்களிலும் இன்னும் உள்ளே தள்ளி வாருக்கொரு புது ஓட்டை போட்டான். மாட்டினான். நின்றது. ஓட்டைகள் மேலே போடும் கோட்டுக்குள் மறைந்துவிடும் என்று ஒரு பெருமூச்சு விட்டான்.

அப்புறம்தான் வரியைப் பார்த்தான். இழுத்துக் கட்டியதில் முன்பாதி வலப்பக்கமாக நகர்ந்து, நடுவில் இறங்க வேண்டிய சிவப்பு வரி தொடையில் இறங்கியது. கில்ட்டை இடப்பக்கமாகத் திருகினான். வரி நடுவுக்கு வந்தது, ஆனால் பின்னால் இருக்க வேண்டிய கொசுவம் ஒரு பக்கம் முன்னால் வந்து எட்டிப் பார்த்தது. கொசுவத்தைப் பின்னால் தள்ளினால் வரி ஓடியது. வரியைப் பிடித்தால் கொசுவம் ஓடியது. வேர்த்துக் கொட்டியது அவனுக்கு. கடைசியில் வரி போனால் போகட்டும், முன்னால் தொங்கும் தோல்பை மறைத்துக்கொள்ளும் என்று முடிவு செய்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தோன்றாது.

மறுநாள் காலையில் இஷ்பெல் மாடியிலிருந்து இறங்கும் முன்பே கிளம்பிவிட்டான். கயிறு கட்ட ஆள் போதவில்லை, சீக்கிரம் வரச் சொன்னார்கள் என்று சமையலறையிலிருந்தே கத்தினான். அவள் மாடியிலிருந்து, "சாப்பிட்டியா?" என்றாள். "ஆச்சு" என்றான். நாய் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தது.

திடலில் எல்லாம் வழக்கம்போல. ஒரு மூலையில் மேடையில் சின்னப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மூலையில் பைப் வாத்தியக்காரர்கள் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வறுத்த வெங்காய வாசனை. மர்டோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டினான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவன் பார்த்தவர்கள் எல்லாம் தன் இடுப்பையே பார்ப்பதாக நினைத்தான். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு, ஆட்கள் குறைந்த பக்கமாக நடந்தான்.

ஒலிபெருக்கியில் வில்லி ராட்ரே. மர்டோவோடு அந்தக் காலத்தில் மரம் எறிந்தவன். ஒவ்வொரு வருடமும் தோற்றவன். அதற்கு வட்டியும் முதலுமாக இப்போது மைக்கில் வாங்கிக்கொண்டிருந்தான். யாரையும் விடமாட்டான், பாதிரியாரைக்கூட.

"மக்களே, அடுத்து மரம் எறியறது! வந்துட்டாரய்யா நம்ம நடுவர்! ஏரியில லாரியை நீச்சல் பழக்குன நம்ம மர்டோ!"

கூட்டம் கைதட்டியது. மர்டோ திடலின் நடுவுக்கு நடந்தான். முதல் ஆள் மரத்தைத் தூக்கினான், ஓடினான், எறிந்தான். மர்டோவும் பின்னால் ஓடினான். ஓடும்போது வலப்பக்கத்தில் அது இடித்தது, மூச்சு முட்டியது. மரம் புரண்டு விழுந்தது. நின்று, கோட்டைப் பார்த்து, கையை உயர்த்தி, பதினொன்றரை மணி என்று காட்டினான். கை உயர்ந்ததும் அவன் போட்டிருந்த கோட்டும் கூடவே உயர்ந்தது.

"என்னது, பதினொன்றரையா?" என்றான் ராட்ரே மைக்கில். "பையன் நேராத்தானே போட்டான்! மர்டோ, நீ உன் கில்ட்டை வச்சு மணி பாக்காதேடா. நேர்க்கோடு பாக்கற நடுவரோட சிவப்பு வரியைப் பாருங்க மக்களே, மத்தியானம் ரெண்டு மணிக்குல்ல நிக்குது! யாரு கட்டிவிட்டது, உன் நாயா?"

சிரிப்பு வெடித்தது. மர்டோ குனிந்து பார்த்தான். தோல்பை சரியாக நடுவில் தொங்கியது. அது நடுவில் தொங்கியதால்தான் மொத்தமும் காட்டிக்கொடுத்தது. அதற்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி, சிவப்பு வரி தன்பாட்டுக்குத் தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் சிரித்தார்கள், அப்புறம் நிறுத்தினார்கள். தையல்காரி புருஷன் கில்ட் கோணலாகக் கட்டமாட்டான். கோணலாகக் கட்டியிருந்தால் அது கட்டிய கோளாறு இல்லை, உள்ளே இருக்கிற உடம்பின் கோளாறு. கில்ட்டிலேயே பிறந்து கில்ட்டிலேயே சாகிறவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேலியோரம் ஒவ்வொரு முகமாகச் சிரிப்பு அணைவதை மர்டோ பார்த்தான். ஏரியின்மேல் சக்கரம் தொங்கியபோது வராத நடுக்கம் அப்போது வந்தது. கேக் மேசைக்குப் பின்னால் நின்ற இஷ்பெலையும் பார்த்தான். அவள் கையில் கத்தி, கத்தியில் பாதி வெட்டிய கேக். அவள் முதலிலிருந்தே சிரிக்கவில்லை.

அவன் திரும்பி நடந்தான். ஓடவில்லை, ஆனால் அதை நடை என்றும் சொல்ல முடியாது. பியர்க் கூடாரத்துக்குப் பின்னால் குதிரைகளை ஏற்றிவரும் மூடிய வண்டி ஒன்று காலியாக நின்றது. அதற்குள் ஏறி வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் இஷ்பெல் வந்து கதவைச் சாத்தினாள்.

"எந்திரி" என்றாள்.

எழுந்தான். அவள் கோட்டை விலக்கி வாரைத் தொட்டுப் பார்த்தாள். புது ஓட்டையை விரலால் தடவினாள்.

"குத்தூசியா?"

"ம்."

"நேராக்கூடப் போடல."

"இஷ்பெல், உன் பையில ஊசி இருக்கும்ல? ரெண்டு தையல் போடு. கொசுவத்தை உள்ள தள்ளி ஒரு பின்னு குத்து. நடுவுல வரி நின்னாப் போதும். நான் போயி மீதிப் போட்டியை முடிச்சுட்டு வந்துடறேன். எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"மாட்டேன்."

"அஞ்சு நிமிச வேலைடி."

"அஞ்சு நிமிச வேலைதான். மாட்டேன்."

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வயசு. கொஞ்சம் இளைச்சிருக்கேன். இளைச்சா நல்லதுன்னு நீதானே சொல்லுவே?"

"நாயைப் பாத்தியா நீ? அதால படியேற முடியல" என்றாள் இஷ்பெல். குரல் உடைந்தது. உடைந்ததற்கு அவளுக்கே கோபம் வந்து, வைக்கோல் கட்டை ஓர் உதை உதைத்தாள். "மே மாசம் பூரா மேசையைத் துடைச்சுத் துடைச்சு வச்சேன். கொண்டுவந்து போடுவான், இன்னைக்குப் போடுவான், நாளைக்குப் போடுவான்னு. நீ போடல. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"பயம். நான் கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயம். போதுமா?"

வெளியே ராட்ரேயின் குரல் கேட்டது. நடுவர் ஐந்து நிமிடத்தில் வருவார் என்று சொன்னான். அந்தக் குரலில் கிண்டல் இல்லை. மர்டோ அவள் கையைப் பிடித்தான்.

"ஒரே ஒரு பின்னு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும். திங்கட்கிழமை நானே டாக்டர்கிட்ட போறேன், சத்தியமா."

"உங்க அப்பாவும் அதையேதான் சொன்னாரு."

அவன் விரல்கள் தளர்ந்தன.

"நம்ம கல்யாணமாகி வந்த முதல் வருசம். நீ சாலை வேலைக்குப் போயிருந்தே, உங்க அம்மா கடைக்குப் போயிருந்தாங்க. மாமா கில்ட்டை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தாரு. 'கொஞ்சம் பிடிச்சுக் குடும்மா, லூசாயிருக்கு. வீட்ல சொல்லாதே, சும்மா கவலைப்படுவா. வேலை முடிஞ்சதும் டாக்டரைப் பாக்கறேன்'னாரு. நானும் புது மருமக. முடியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? பிடிச்சுக் குடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப வந்தாரு. அப்பவும் பிடிச்சேன். கொசுவம் பூராவும் பிரிச்சு, கட்டத்தோட கட்டம் சேத்து, வரியை நடுவுல நிறுத்தித் தச்சேன் மர்டோ. அவ்வளவு நல்லாத் தச்சேன். ஊருல ஒருத்தருக்கும் தெரியல. கூடப் படுத்திருந்த உங்க அம்மாவுக்கே தெரியல. அவர் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எல்லாமே முடிஞ்சு போச்சு."

இத்தனை வருடமாக மர்டோ வைத்துக் காப்பாற்றிய நியாயம், ஆஸ்பத்திரிக்குப் போனதால் செத்தார் என்ற அந்த ஒரே நியாயம், காலுக்கடியில் சரிந்தது. போனதால் இல்லை. போகாமல் இருந்த மாதங்களால். அப்படியானால் தன் மாதங்கள்? அவன் மனசு கிறிஸ்துமஸிலிருந்து ஒவ்வொரு மாதமாக எண்ணத் தொடங்கியது.

"ஒரு தடவை தச்சுட்டேன். இன்னொரு தடவை தைக்க மாட்டேன். நீ என்னை வெறுத்தாலும் சரி. இந்த ஊரே பாத்துச் சிரிக்கட்டும், உன் வரி கோணலாவே இருக்கட்டும்."

அவன் ஏன் அழுகிறான் என்று அவள் கேட்கவில்லை. தன் கண்ணையும் துடைக்கவில்லை.

"டாக்டர் இங்கதான் இருக்கா. முதலுதவிக் கூடாரத்துல. வா, வேலியோரமா சுத்திப் போயிடலாம், யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள்.

முதலுதவிக் கூடாரம் திடலின் அந்தப் பக்கக் கோடியில் இருந்தது. மர்டோ வண்டியிலிருந்து இறங்கி நின்று அதைப் பார்த்தான். வெள்ளைத் துணி, சிவப்புச் சிலுவை.

"நேராப் போவோம்."

"எல்லாரும் இருக்காங்கடா."

"சுத்திப் போனா நான் பாதியில ஓடிடுவேன் இஷ்பெல்."

இருவரும் திடலின் குறுக்கே நடந்தார்கள். மரம் எறிய நின்ற ஆட்கள் மரத்தைப் பிடித்தபடியே வழிவிட்டார்கள். பைப் வாத்தியம் மட்டும் எதுவும் தெரியாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் கில்ட் ஆட, சிவப்பு வரி தொடையில் ஆடியது. அவன் அதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய கையை இஷ்பெல் பிடித்திருந்தாள். கொல்லைப்புறமாக ஓடிவிடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது.

ராட்ரே மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"மர்டோ, நான் சும்மா விளையாட்டுக்கு... எனக்குத் தெரியாதுடா..."

"நீ சொன்னது சரிதான். கோணலாத்தான் இருக்கு" என்றான் மர்டோ. நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். ராட்ரே பின்னாலேயே வந்தான்.

டாக்டர் பேட்டர்சன் சின்ன வயதுப் பெண். யாரோ ஒருவனின் கொப்புளம் கிளம்பிய விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள், உள்ளே வந்தவனின் முகத்தைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், விரல்காரனை வெளியே அனுப்பினாள். அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தான்.

"எவ்வளவு நாளா மிஸ்டர் கெடஸ்?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து" என்றாள் இஷ்பெல்.

மர்டோ கூடாரத்தின் தரையைப் பார்த்தான். "அதுக்கும் முன்னால" என்றான்.

இஷ்பெல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

படுக்கச் சொன்னார்கள். இஷ்பெல் தானே குனிந்து மூன்று வார்களையும் கழற்றினாள். டாக்டர் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் வைத்து அழுத்தினாள். இங்கே, இங்கே, அங்கே. ஓர் இடத்தில் கை நின்றது. எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று நினைத்திருந்தான். பார்த்துவிட்டான்.

"திங்கட்கிழமை வரைக்கும் வேண்டாம். இன்னைக்கே இன்வர்னெஸ் போயிடுங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"செத்துடுவேனா?"

அவள் பொய் சொல்லவில்லை. "தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் போகச் சொல்றேன். இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் இப்படித் தெரியலன்னு சொல்லியிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே போனாள். வாசல் துணி விலகியபோது ராட்ரே அங்கேயே நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

"நான் போய் வண்டியை எடுத்துட்டு வரேன்" என்றாள் இஷ்பெல். "வாசல்லயே நிறுத்தறேன். கையை விடு."

மர்டோ விடவில்லை. பனி லாரியின் ஸ்டீயரிங்கை வளைத்த கை அது. இப்போது அவள் மணிக்கட்டை எலும்பு வலிக்கப் பிடித்திருந்தது.

"ரெண்டு நிமிசம்தான் மர்டோ. கையை விடு."

"பயமா இருக்கு" என்றான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவனே கேட்டதில்லை. "விட்டா ரொம்பப் பயமா இருக்கு இஷ்பெல்."

அவள் கையை இழுக்கவில்லை. படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள். இன்னொரு கையால் தோள்பையைத் துழாவி, ஊசிப் பெட்டியையும் கைக்குட்டையையும் தள்ளிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்து வாசலைப் பார்த்து எறிந்தாள்.

"ராட்ரே! நீயே போய் வண்டியை எடுத்துட்டு வா! என்னால எந்திரிக்க முடியாது!"